பழைய விவாதங்களை மீள எழுப்புதல்: மரபுப் போராட்டமும் முதுதலைமுறையின் நினைவுகளும்

1

கடந்த முப்பது ஆண்டுக் காலத்து ஈழத்துத் தமிழ் எழுத்துகளை நோக்குமிடத்து, நினைவுக் குறிப்பு என்னும் எழுத்துவகை பெற்றுள்ள இடம் கவனத்துக்குரியதாகும். 1950களிலும் 1960களிலும் இலக்கியக் களத்தில் முன்னின்ற தலைமுறை முதுமையை எய்தியபோது, தான் பங்குகொண்ட விவாதங்களைத் தானே மீட்டும் எழுப்பத் தொடங்கியது. தன்வரலாறுகள், மலர்க் கட்டுரைகள், நேர்காணல்கள், நினைவுப் பேருரைகள் ஆகியன அதற்குக் களமாயின. மரபுப் போராட்டம், முற்போக்கு - நற்போக்குப் பிணக்கு, தேசிய இலக்கியக் கோட்பாடு, மண்வாசனை என அன்று பேசப்பட்ட பொருள்கள் பலவும் இவ்வாறு மறுபடியும் பேசப்பட்டுள்ளன.

இம்மீட்டெழுப்பல்களுக்கு வாசகரிடையே இரு வகையான வரவேற்பு இருந்து வந்துள்ளது. ஒரு சாரார் முதியவர் கூறுவன அனைத்தையும் வரலாறாகவே ஏற்றுக்கொள்கின்றனர். நேரிற் கண்டவர் கூற்றுக்கு மேல் வேறு சான்று வேண்டுமோ என்பது அவர்தம் நிலைப்பாடு. மற்றொரு சாரார், பெரும்பாலும் இளையோர், முடிந்துபோன வழக்கினை மறுபடியும் மன்றுக்குக் கொண்டுவருவதால் யாது பயன் எனப் பொறுமையிழக்கின்றனர். எமது கருத்தில் இவ்விரு சாராரும் ஒரே இடத்திலேயே தவறுகின்றனர். விவாதம் முடிந்துவிட்டது என்பதும், அது அதிற் கலந்துகொண்டோரின் தனியுடைமை என்பதும் இருவருக்கும் பொதுவான எடுகோள்களாகும்.

இவ்வெடுகோள்களை நாம் ஏற்பதற்கில்லை. ஓர் இலக்கிய விவாதத்தில் ஆட்களின் பிணக்கும் உண்டு. அப்பிணக்கின் அடியில் ஒரு வினாவும் உண்டு. பிணக்கு அதிற் பங்குகொண்டோருடன் மறைவது. வினாவோ, அதனைத் தோற்றுவித்த சமூக நிலைமை மாறும்வரை விடை வேண்டி நிற்பது. பழைய விவாதமொன்றைப் பயனுற மீள எழுப்புதலென்பது இவ்வினாவை மீள எழுப்புதலேயாகும். இதனை மரபுப் போராட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மரபுப் போராட்டம் எனப் பெயர் பெற்ற விவாதம் 1962, 1963 ஆம் ஆண்டுகளையொட்டிப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் நிகழ்ந்தது. சிறுகதையிலும் நாவலிலும் மக்களின் பேச்சுவழக்கைக் கையாள்வது தகுமா என்பது அதன் வெளிப்படையான பொருள். தகாது என்றோர் மரபிலக்கணப் பயிற்சியுடைய பண்டிதர்களும் அவர்தம் கருத்தை ஒட்டி நின்ற பல்கலைக்கழகத்தார் சிலரும் ஆவர். தகும் என்றோர் பெரும்பாலும் 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர்.

பேச்சுவழக்கை எதிர்த்தோர் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்றனர். இச்சொற்றொடரே விவாதத்தின் உள்ளீட்டைக் காட்டிவிடுகின்றது. ‘இழிசினன்’ என்னுஞ் சொல் புறநானூற்றிலேயே கட்டில் பின்னுவோனையும் பறைத் தொழிலோனையும் சுட்ட வருவதாகும். வழக்கு என்பது உயர்ந்தோரது வழக்கே என்பது தொல்காப்பிய மரபியலிற் காணப்படும் கொள்கை. உயர்ந்தோர் யாவர் என்பதற்கு உரையாசிரியர் தரும் விளக்கம் எதுவாயினும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி யாழ்ப்பாணத்தில் அச்சொல் எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆகவே மொழி பற்றிய வாதம் தொடக்கத்திலிருந்தே மனிதரைத் தரம் பிரித்தல் பற்றிய வாதமாகவும் இருந்தது.

இவ்விவாதம் 1960களின் முற்பகுதியில் எழுந்தமைக்குரிய காரணங்களும் மனங்கொள்ளத்தக்கன. 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அதனை ஒட்டி வளர்ந்த தாய்மொழிக் கல்வியும் அதற்கு முன் எழுத்துலகை எட்டாதிருந்த குடும்பங்களிலிருந்து வாசகரையும் எழுத்தாளரையும் தோற்றுவித்தன. கே. டானியல், டொமினிக் ஜீவா, என். கே. ரகுநாதன் ஆகியோர் சாதியமைப்பின் அடித்தட்டிலிருந்து எழுத்துக்கு வந்தோர். ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்னும் சிறுகதை, மேடையிற் சமத்துவம் பேசுவோர் தம் வீட்டு வாயிலில் நடந்துகொள்ளும் முறையை வெளிக்காட்டியது. 1959 முதல் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் க. கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்தமை இத்தகைய எழுத்துக்குப் பரந்த களமொன்றைத் திறந்துவிட்டது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியிருந்தும், கோயிலும் தேநீர்க்கடையும் பலருக்குப் பூட்டியே கிடந்தன. மரபுப் போராட்டம் ஓய்ந்து சில ஆண்டுகளுக்குள் 1966 ஒக்டோபரில் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் நிகழ்ந்தன. கோயிலுள் யார் நுழையலாம் என்ற வினாவும், இலக்கியத்துள் யாருடைய பேச்சு நுழையலாம் என்ற வினாவும் ஒரே சமூகத்தில், ஒரே காலப்பகுதியில் எழுந்தவை.

இவ்வாறு கூறுவதால் எதிர்த்தரப்பின் கருத்துகள் யாவும் சாதிமனப்பான்மையிலிருந்தே பிறந்தன என்று கொள்ளுதல் கூடாது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், தமிழ்மொழியின் நிலைபேறு பற்றிய கவலை சகல தரப்பினருக்கும் பொதுவானதாகவே இருந்தது. ஊருக்கொரு வழக்காக எழுத்துமொழி சிதறுமாயின் தமிழர் யாவர்க்கும் பொதுவான ஊடகம் எஞ்சாது என்ற அச்சம் பண்டிதர் சிலரிடத்து உண்மையாகவே இருந்தது. அவ்வச்சத்துக்கு முற்போக்காளர் அன்று நிறைவான விடை கூறினர் எனச் சொல்லுதல் அரிது. உரையாடலில் பேச்சுவழக்கு, ஆசிரியர் கூற்றில் எழுத்துவழக்கு என்ற நடைமுறைச் சமரசமே நிலைபெற்றது. அதனை வெற்றியென ஒரு சாரார் கொண்டாடினர். சிதைவென மறுசாரார் நொந்தனர். அது தீர்வுதானா என்பதை எவரும் நின்று ஆராயவில்லை.

3

இவ்விவாதமும் இதனை ஒட்டியெழுந்த பிணக்குகளும் பிற்காலத்தில் மூன்று வழிகளில் மீள எழுப்பப்பட்டுள்ளன.

முதலாவது வழி தன்வரலாறு. எஸ். பொன்னுத்துரை முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து ‘நற்போக்கு’ என்னும் நிலைப்பாட்டை முன்வைத்தவர். அவரது ‘வரலாற்றில் வாழ்தல்’ இரு பெருந்தொகுதிகளாக 2003 இல் வெளிவந்தது. டொமினிக் ஜீவாவின் ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ 1999 இல் வெளிவந்தது. எதிரெதிர் அணிகளில் நின்ற இருவரின் நூல்கள் இவை. பொன்னுத்துரையின் நூல் பகையையும் நட்பையும் ஒளிக்காது கூறுவது. கூட்ட அறிக்கைகளில் இடம்பெறாத செய்திகள் பல அவ்வகை எழுத்தினாலேயே நமக்குக் கிட்டுகின்றன. ஆயினும் அதனைப் படித்து முடித்த இளம் வாசகனொருவன், யார் யாருடன் முரண்பட்டார் என்பதை அறியுமளவுக்கு அம்முரண்பாட்டின் பொருளை அறிவான் என்பது ஐயமே. ஜீவாவின் நூல் கோட்பாட்டு விவாதங்களை விரித்துரைப்பதன்று. எனினும் சிகையலங்கார நிலையத்திற் கத்தரிக்கோல் பிடித்த கை பேனா பிடித்த கதையைக் கூறுவதனால், ‘இழிசனர்’ என்ற சொல் அன்று யார் மீது, எவ்வாறு விழுந்தது என்பதை அது உணர்த்திவிடுகின்றது. விவாதத்தைப் பற்றிக் குறைவாகப் பேசும் நூல் விவாதத்தின் வினாவுக்கு அதிகம் உதவுதல் இங்குக் கவனிக்கத்தக்கது.

இரண்டாவது வழி இயக்க வரலாறு. நாவலாசிரியர் இளங்கீரன் தமது இறுதிக் காலத்தில் எழுதிய ‘ஈழத்து முற்போக்கு இலக்கியமும் இயக்கமும்’ இவ்வகையின் முக்கிய எடுத்துக்காட்டாகும். இதில் தனியாளின் இடத்தை இயக்கம் பெறுகின்றது. நிகழ்ச்சிகள் காரணகாரியத் தொடர்புடன் அமைகின்றன. ஆனால் உள்ளிருந்து எழுதப்படும் இயக்க வரலாறுகளுக்கு இயல்பானதோர் எல்லை உண்டு. இயக்கத்துள் எழுந்த கருத்து வேறுபாடுகள் அதன் வளர்ச்சிக்கு உதவியவையாக அன்றி, அதற்கு நேர்ந்த இடையூறுகளாகவே அவற்றில் பெரும்பாலும் தோற்றுகின்றன. எதிர்த்தரப்பின் கூற்றும் அதன் மிக வலுவான வடிவில் அங்கு எடுத்துக்கூறப்படுவது குறைவு.

மூன்றாவது வழி மறுபதிப்பு. மு. தளையசிங்கம் 1956 முதல் 1963 வரையிலான காலப்பகுதியை மதிப்பிட்டு அறுபதுகளில் எழுதிய ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ 1984 இல் நூலாக வெளிவந்தது. தளையசிங்கம் 1973 இலேயே மறைந்துவிட்டார். அவரது விமரிசனத்துக்கு உள்ளானவர்களுள் முதன்மையானவராகிய கைலாசபதி 1982 இல் தமது 49 ஆவது வயதிற் காலமானார். எனவே அந்நூல் புதிய வாசகரை அடைந்தபோது அதனை விளக்குவதற்கு ஆசிரியரும் இல்லை. மறுப்பதற்கு எதிர்த்தரப்பின் தலையாயவரும் இல்லை. அறுபதுகளில் எழுதப்பட்ட சொல் எண்பதுகளின் சூழலில், இன முரண்பாடு போராக மாறிக்கொண்டிருந்த காலத்தில், படிக்கப்பட்டது. முற்போக்கு இயக்கம் தேசிய இனப் பிரச்சினையிற் கொண்ட நிலைப்பாடுகள் மீது பிற்காலத்தில் எழுந்த கண்டனங்களுக்கு, வேறு நோக்கில் எழுதப்பட்ட பழைய விமரிசனங்கள் முன்சான்றாகக் கொள்ளப்பட்டன. பழைய பிரதியொன்று மீண்டு வரும்போது தனக்குரியதல்லாத சுமையையும் ஏற்க நேரிடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இம்மூன்று வழிகளையும் ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நினைவு காலத்தோடு மாறுகின்றது; ஆனால் தன் காரணத்தைக் கூறவல்லது. அச்சிட்ட பிரதி மாறுவதில்லை. ஆனால் தன் சூழலைத் தானே கூறமாட்டாது. ஒன்றின் குறையை மற்றொன்றே நிரப்புதல் வேண்டும். நமது நாட்டில் இவை இரண்டும் இதுகாறும் தனித்தனியே நின்றுள்ளமையே பழைய விவாதங்கள் மீள எழுப்பப்பட்ட போதெல்லாம் பிணக்கு மட்டும் மீண்டமைக்குக் காரணம் என்பது எமது துணிபு.

4

முதியோரின் நினைவுகூரலைப் பற்றிச் சில சொற்கள் ஈண்டுக் கூறுதல் பொருத்தமாகும். முதியோர் பழங்கதை பேசுவது உளத்தளர்ச்சியின் அறிகுறியென நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்க மருத்துவர் றொபேட் பட்லர் 1963 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இக்கருத்தை மறுத்தார். வாழ்வின் இறுதிப் பகுதியில் மனிதர் தம் கடந்த காலத்தை, குறிப்பாகத் தீராத முரண்பாடுகளை, மீளாய்வு செய்தல் இயல்பானதும் பயனுடையதுமான செயல் என்பது அவர் கண்ட முடிபு. இதற்கு முன்னரே ஆங்கிலேய உளவியலாளர் பிரெட்றிக் பாற்லெற் 1932 இல் வெளியிட்ட நூலில், நினைவென்பது சேமித்து வைத்ததை அப்படியே எடுத்துத் தருவதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்பப்படுவது என்று பரிசோதனைகள் வாயிலாகக் காட்டியிருந்தார்.

இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்குதல் பயன் தரும். முதிய எழுத்தாளர் ஒருவர் அறுபதாம் ஆண்டுகளின் விவாதத்தை மீட்டுரைக்கும்போது, அவர் அறுபதுகளைக் குறித்து மட்டும் சாட்சி கூறுவதில்லை. இடைப்பட்ட ஆண்டுகள் தமக்குக் கற்பித்தவை பற்றியும் சாட்சி கூறுகின்றார். அன்று எதிரியெனக் கண்டவரை இன்று ‘நல்ல தமிழறிஞர்’ என அவர் குறிப்பிடுவாராயின், அதனை முதுமையின் கனிவு என விட்டுவிடுதல் தகாது. எந்த அனுபவம் அம்மாற்றத்தை விளைத்தது என்பது வினவப்பட வேண்டியது. மறுதலையாக, நாற்பது ஆண்டுகளின் பின்னும் அதே சினத்துடன் ஒருவர் பேசுவாராயின், அச்சினத்தின் காரணம் இன்னும் நீங்கவில்லையோ என்றும் நாம் ஐயுறல் வேண்டும். சாதி தொடர்பான விவாதங்களில் இவ்வையம் பெரும்பாலும் உண்மையாகவே முடிகின்றது.

ஆயினும் நினைவை ஏட்டுச் சான்றோடு ஒப்புநோக்காது ஏற்பதற்கில்லை. இங்குதான் ஈழத்து ஆய்வாளர் தனியானதோர் இடர்ப்பாட்டை எதிர்நோக்குகின்றனர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1995 இன் பெரும் இடப்பெயர்வின்போதும் அதன் பின்னரும் வீடுகளிலிருந்த இதழ்த் தொகுதிகள் பல கைவிடப்பட்டன. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் எஞ்சியவற்றுள் பெரும்பகுதியை மின்வடிவிற் பேணி, மல்லிகை போன்ற இதழ்களை எவரும் எங்கிருந்தும் படிக்க வகை செய்துள்ளமை அரிய பணியாகும். எனினும் சிற்றூர்க் கூட்டங்களில் பேசப்பட்டவையும், பதிப்பிக்கப்படாது கழிந்த மறுப்புரைகளும் எத்தொகுதியிலும் இல்லை. அவை முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. ஏடு அழிந்த இடத்தில் நினைவே மூலச்சான்றாகின்றது; ஆதலின் அதனைக் கேட்டுப் பதிவு செய்யும் முறையில் ஒழுங்கும் கண்டிப்பும் கூடுதலாக வேண்டப்படுகின்றன.

இவ்விடத்து மற்றுமொன்றையும் கருதுதல் வேண்டும். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைச் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 12 வீதத்துக்கும் சற்று மேலாவர். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000 ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஊர்தோறும் முதியோர் சங்கங்கள் இயங்குகின்றன. இவையாவும் முதியோரைப் பராமரிப்புக்கு உரியவராகக் கருதுகின்றன, அது தேவையானதே. ஆனால் அறிவின் உடைமையாளராக, கருத்து வேறுபடும் உரிமையுடையோராக அவரைக் கருதும் நிறுவனம் நம்மிடையே அரிதாகவே உண்டு. முன்னர் அவ்விடத்தை ஓரளவு நிரப்பியவை வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களுமாகும். அங்குப் பத்திரிகை படித்து வாதிட்டோர் பலர் எழுத்தாளர் அல்லர். ஆசிரியர், எழுதுவினைஞர், கமக்காரர், சுருட்டுத் தொழிலாளர். மரபுப் போராட்டத்தை நாள்தோறும் படித்து இரு தரப்பாகப் பிரிந்து நின்ற அவ்வாசகரின் நினைவுகளை எவரும் கேட்கவில்லை. நம்மிடமுள்ள மீட்டெழுப்பல்கள் யாவும் எழுதியோர் எழுதியவை.

5

விடுபட்டோர் வாசகர் மட்டுமல்லர். பேச்சுவழக்கு எனப் பொதுப்படப் பேசியபோது அன்றைய விவாதிகளின் மனத்திலிருந்தது பெரும்பாலும் யாழ்ப்பாண வழக்கே. மட்டக்களப்பின் பேச்சு, முஸ்லிம் மக்களின் பேச்சு, மலையகத் தோட்டங்களின் பேச்சு ஆகியன விவாதத்தின் ஓரத்திலேயே நின்றன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெருந்தொகையான மலையகத் தமிழர் நாடற்றோராக்கப்பட்டிருந்த காலத்தில், தேசிய இலக்கியம் பற்றிய பேச்சில் அவர்தம் மொழிக்கு உரிய இடம் எது என்பது ஆழமாக வினவப்பட்டிருத்தல் வேண்டும். பெண்களின் நிலையும் இதுவே. பெண் கவிஞரின் படைப்புகள் ‘சொல்லாத சேதிகள்’ என்னும் தொகுதியாக வெளிவர 1986 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே பழைய விவாதத்தை அதன் பழைய எல்லைகளுக்குள்ளேயே வைத்து மீள நிகழ்த்துவது அன்று விலக்கப்பட்டோரை இரண்டாம் முறையும் விலக்குவதாக முடியும்.

வினா இன்றும் உயிருடன் இருப்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மரபுவாதிகளை எதிர்த்து எழுதிய முற்போக்கு விமரிசகர் தம் விமரிசனங்களை எந்நடையில் எழுதினர்? இக்கட்டுரை எந்நடையில் எழுதப்படுகின்றது? பண்டிதர் பேணிவந்த எழுத்துத் தமிழிலேயே. கதைமாந்தர் பேசலாம் என இடமளிக்கப்பட்ட வழக்கில் ஆய்வாளர் சிந்திக்கலாமென எவரும் கூறவில்லை. உழைப்போரின் மொழிக்குத் துன்பத்தைச் சொல்லும் உரிமை கிடைத்தது. அறிவைச் சொல்லும் உரிமை கிடைக்கவில்லை. அறுபதுகளின் சமரசம் இவ்வேற்றத்தாழ்வைத் தொடாது விட்டது. மறுபுறம், பொது ஊடகமொன்று வேண்டும் என்ற பண்டிதரின் வாதமும் புதிய வலுப் பெற்றுள்ளது. ஈழத்தமிழர் பல கண்டங்களிற் சிதறி, அவர்தம் பிள்ளைகள் வீட்டு வழக்கை மட்டும் ஓரளவு அறிந்து எழுத்துத் தமிழை அறியாது வளரும் நிலையில், பொதுத்தமிழை எவ்வாறு கற்பிப்பது என்பது இன்றைய நடைமுறைப் பிரச்சினை. 1963 இல் எதிரெதிரே நின்ற இரு வாதங்களும் இன்று ஒருங்கே வைத்து ஆராயப்பட வேண்டியனவாகிவிட்டன. முதுதலைமுறையினர் சிலர் தம் இறுதி ஆண்டுகளிற் காட்டிய தயக்கங்களும் மறுமதிப்பீடுகளும் இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டக்கூடியவை.

இதற்குக் கிடைத்துள்ள காலம் குறுகியது. டானியல் 1986 இலும், சிவத்தம்பி 2011 இலும், பொன்னுத்துரை 2014 இலும், ஜீவாவும் செ. கணேசலிங்கனும் 2021 இலும் மறைந்தனர். அவ்விவாதங்களின்போது இருபது வயதினராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர். எஞ்சியுள்ளோர் பலர் புகழ்பெற்றவர் அல்லர்; ஒரிரு கதைகள் எழுதியோர், கூட்டத்திற் பின்வரிசையில் இருந்தோர், பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதியோர். இதுவரை பேசப்படாதவை அவர்களிடமே உள்ளன.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதிற் செய்யக்கூடியது தெளிவானது. நினைவுரை கேட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பும் வழக்கத்தை ஒரு புறம் வைத்து, அன்றைய இதழொன்றை மேசைமீது விரித்து, முதியவர் ஒருவரும் மாணவர் சிலரும் அதனைச் சேர்ந்து படித்தல் வேண்டும். இதனை எழுதியபோது அல்லது படித்தபோது யாது நேருமென அஞ்சினீர்கள், யாது நேருமென நம்பினீர்கள், அவற்றுள் எது நேர்ந்தது என்று கேட்டல் வேண்டும். விடையை அவர் சொல்லும் வழக்கிலேயே பதிவு செய்தல் வேண்டும். நினைவும் ஏடும் முரண்படுமிடத்து எதனையும் திருத்தாது இரண்டையும் அருகருகே வெளியிடல் வேண்டும். முதியவர் கூற்றை மாணவர் மறுக்க நேரின் மறுக்கவும் வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன் மூத்தோரை மறுத்தே எழுந்த தலைமுறைக்கு அது மரியாதைக் குறைவாகாது.